புதன்கிழமைத் தண்ணீரும் உள்ளங்கைக் கம்ப்யூட்டரும்

ஜபல் தாஜ், அம்மான்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஃபவ்வாஸ் அவர்களுக்கு, தங்கள் தமக்கையின் கணவன் முனீர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நானும், தங்கள் தமக்கை ரப்ஹாவும், மகள் அரீஜும் இறையருளால் சுகம். அவ்விடம் அகபாவில் தாங்களும், வீட்டாரும், பால்கனியில் தாங்கள் பிள்ளை போல வளர்க்கும் எலுமிச்சைச் செடிகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மரியாதை இத்துடன் முடிந்தது மச்சான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் போனில் நீ கேட்டாய்: செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற அந்தச் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், பொழுதுபோக்கு வேலைக்கு இன்றைக்கும் அது வாங்கத் தகுந்ததுதானா, நீங்கள் வாங்கி அனுபவப்பட்டவர் ஆயிற்றே என்று. நான் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உன் அக்கா எண்ணெயில் ஊறப்போட்டு உனக்கு அனுப்பும் மக்தூஸ் கத்தரிக்காய் ஜாடியோடு இந்தக் கடிதத்தையும் அகபா பஸ்ஸில் ஏற்றுகிறேன். கத்தரிக்காய் எண்ணெய் பட்டு எழுத்து அழிந்திருந்தாலும் பாதகமில்லை, சாரம் ஒரே வார்த்தைதான்: வாங்காதே. ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நில அளவைத் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். மறுநாளே உன் அக்கா என்னைத் தண்ணீர்த் துறையில் சேர்த்துக்கொண்டதுதான் உனக்குத் தெரியாது. சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, மேலதிகாரியை மாற்றக் கோரி மனுப் போடவும் வழி கிடையாது. கடலைப் பார்த்துக்கொண்டு சீவிக்கிற உனக்கு எங்கள் புதன்கிழமை புரியாது. வாரத்தில் அன்று ஒரு நாள்தான் எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் முறை. எந்த நேரம் வரும் என்பது வால்வு திறக்கிற ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. வந்தால் கட்டடத்தின் அடியில் இருக்கும் பொதுத் தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டாங்கிக்கு ஏற்ற வேண்டும். நான் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் போதும், சமையலறையிலிருந்து மகள் பேரைச் சொல்லி அப்பனைக் கூப்பிடும் குரல் வரும்: "அபூ அரீஜ், வந்துடுச்சா, கொஞ்சம் எட்டிப் பாருங்க." இறங்குவேன். வந்திருக்காது. ஏறுவேன். "மேல டாங்கியில எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?" மறுபடி ஏறுவேன். நாடு முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தபோது வலிக்காத முழங்கால் இந்த ஒரு கட்டடத்தை அளந்ததில் வலிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் யாரோ ஒருவன் தன் தோட்டத்தையே ஒரு சின்ன கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஊஞ்சலில் படுத்திருக்கிற வீடியோவைப் பார்த்தேன். தண்ணீர் வந்ததும் அதுவே மோட்டாரைப் போடும், நிரம்பியதும் அதுவே அணைக்கும். நான் பார்த்தது கம்ப்யூட்டரை இல்லை மச்சான், ஊஞ்சலை.

பஜாரில் மசூதிக்குப் பின்சந்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரன் "வாங்க ஹாஜி" என்றான். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் விலை சொல்வதற்கு முன்னால் எல்லாரையும் ஹாஜி ஆக்கிவிடுவது அவர்கள் வழக்கம். கண்ணாடி அலமாரியிலிருந்து பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சைப் பலகையை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். விலை சொன்னான். நான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன், மிச்சம் ஏதாவது பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று.

"ஏம்ப்பா, வாசல்ல ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட முழு கம்ப்யூட்டர் அடுக்கி வெச்சிருக்கியே, அதோட விலையே இதவிடக் கம்மியாப் போட்டிருக்கே?"

"அது பழசு ஹாஜி. பெருசு. இது சின்னது."

"சின்னதுன்னா விலையும் சின்னதாத்தானே இருக்கணும்?"

"மோதிரமும் சின்னதுதான் ஹாஜி. கட்டில் விலைக்கா குடுக்கறாங்க?"

"முந்தி இது ரொம்ப சல்லிசா வித்ததுன்னு சொன்னாங்களே."

"முந்தி எல்லாமே சல்லிசுதான். நீங்களும் நானும் முந்தி எவ்வளவு ஒல்லியா இருந்தோம்!"

இப்படிப் பேசுகிறவனிடம் வாங்காமல் வர எனக்கு வாய் போதாது. வாங்கினேன். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து "ஹாஜி, கரண்டு குடுக்கற அடாப்டர்?" என்றான். அது தனியாம். மெமரி கார்டு? அது தனி. டிவியில் மாட்டுகிற வயர்? அதன் வாய் சிறுத்திருக்கும், வீட்டில் உள்ளது சேராது, அதுவும் தனி. விசிறி, டப்பா, தண்ணீரை உணர்கிற கம்பி, மோட்டாருக்கு ஒரு சுவிட்சுப் பலகை. "தலைய மட்டும் வாங்கிட்டுப் போனா எப்படி ஹாஜி, உடம்பு வேணாமா?" கடைசியில் அவன் பை நிறைய உடம்பைப் போட்டுக் கொடுத்தான். அந்தப் பிஸ்கட் பையின் அடியில் எங்கோ கிடந்தது.

வீட்டுக்கு வந்தால் அதற்குத் திரை வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே திரை உன் அக்காவின் டிவி. தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் நான் வயரை மாற்றிச் சொருகிவிட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வெகு நேரம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பேரு எல்லாம் போட்டு முடிஞ்சாச்சா? கதை எப்ப ஆரம்பிக்கும்?" கதை அந்தப் புதன்கிழமையே ஆரம்பித்தது.

தண்ணீர் வந்தது. மோட்டார் தானாகவே ஓடியது. நான் படியில் நின்று கை தட்டினேன். அரீஜ் "அப்பா, சூப்பர்!" என்றாள். உன் அக்காவே "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாள் முதல் என் காரியம் எதற்கும் அவள் கொடுத்த மிகப் பெரிய சான்றிதழ் அது. நான் ஊஞ்சல் இல்லாத குறைக்குச் சோபாவில் சாய்ந்தேன். நான் செய்த ஒரே பிழை, அந்தக் கம்ப்யூட்டரை அரீஜின் பழைய சாப்பாட்டு டப்பாவில் வைத்து மொட்டை மாடியில் டாங்கி ஓரமாகக் கட்டியிருந்தேன். ஆகஸ்ட் வெயில். டப்பாவுக்குள் அது வெந்து, மூளை குழம்பி, மோட்டாரைப் போட்டது ஞாபகம் இருக்க, அணைக்க வேண்டும் என்பதை மறந்து அப்படியே உறைந்துவிட்டது. கீழ்வீட்டு அபூ ஸக்ர் உனக்குத் தெரியுமே, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையை மட்டும் இன்னும் பணியில் வைத்திருப்பவர். அவர் அன்றைக்குத்தான் முற்றம் முழுக்க வெள்ளை விரிப்பைப் போட்டு, குளிர்காலத்துக்கென்று முலூகிய்யா கீரையைக் காயப் போட்டிருந்தார். டாங்கி வழிந்து அத்தனை தண்ணீரும் அதன் மேல் இறங்கியது.

"அபூ அரீஜ்!" கட்டடமே அதிர்ந்தது. "மேல என்னய்யா, யர்மூக் ஆத்தத் திருப்பி விட்டிருக்கியா?"

நான் ஓடி இறங்கினேன். கீரை மிதந்துகொண்டிருந்தது. அவர் நடுவில் நின்றிருந்தார், மீசை சொட்டியது.

"கம்ப்யூட்டர் கொஞ்சம் சூடாயிடுச்சு அபூ ஸக்ர்."

"அது சூடாச்சுன்னா என் கீரையை ஏன்யா குளிப்பாட்டறே? போய் அதக் குளிப்பாட்டு!"

பொதுத் தொட்டி காலி. அந்த வாரம் கட்டடம் முழுவதற்கும் லாரித் தண்ணீர் வாங்கியது நான்தான். படியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் என்னிடம் சலாம் சொல்லிவிட்டு "சுகமா? கம்ப்யூட்டர் சுகமா?" என்று கேட்டார்கள். வேறு யாராவது என்றால் அத்தோடு கம்ப்யூட்டரை விட்டிருப்பார்கள். நான் விசிறி மாட்டினேன். டப்பாவில் ஓட்டை போட்டேன். அடுத்த முறை சரியான நேரத்தில் கரண்டு போய் வந்தது, மெமரி கார்டு செத்தது, கம்ப்யூட்டருக்குத் தான் யார் என்றே மறந்துவிட்டது. புது கார்டு வாங்கப் போனால் கடைக்காரன் எழுந்து நின்று நாற்காலி போடுகிறான். அந்த மரியாதையிலேயே தெரிந்துகொள்ள வேண்டாமா, இந்தப் பொருள் யாருக்கு லாபம் என்று?

கடைசியில் உன் அக்கா தீர்ப்புச் சொன்னாள்: "அது மோட்டாரைத் தொடக் கூடாது. வேணும்னா தண்ணி வந்தா வந்துச்சுன்னு சொல்லட்டும், நாம போட்டுக்குவோம்." சரி என்று பால்கனியில் ஒரு ஒலிபெருக்கி வைத்தேன். அதற்குள் இருந்த பேசும் குரல் ஒரு பெண்ணுடையது, தேன் மாதிரி இருந்தது. "வீட்டுக்குள்ள இன்னொரு பொம்பள குரல் கேக்கக் கூடாது," என்றாள் உன் அக்கா. ஆகவே என் குரலையே பதிவு செய்தேன். யாரும் தூங்கிப்போய்விடக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன்: "வந்துடுச்சு! வந்துடுச்சு! யோசிக்காதீங்க, உடனே பிடிங்க! விட்டா அடுத்த வாரம்தான்! இருக்கறதெல்லாம் கொண்டாங்க!" அரீஜ் கேட்டுவிட்டு, "அப்பா, சந்தையில தக்காளி விக்கற மாதிரி இருக்கு," என்றாள். இருக்கட்டும் என்றேன். இரண்டு புதன்கிழமை அது நன்றாகவே வேலை செய்தது. தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள்கூட அதைக் கேட்டுத்தான் மோட்டார் போட்டார்கள்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. அரீஜைப் பெண் கேட்டு மாப்பிள்ளை ராக்கான் வீட்டுப் பெரியவர்கள் ஜாஹாவாகத் திரண்டு வந்த அன்று துறைமுகத்தில் விடுப்புக் கிடைக்காமல் நீ வரவில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று மட்டும் உன் அக்கா சொல்லியிருப்பாள். முடிந்த விதத்தைச் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த வாரம் தெருவைத் தோண்டியிருந்ததால் புதன்கிழமை தண்ணீர் வரவில்லை. வியாழனும் இல்லை. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வருகிறார்கள், காலி டாங்கியைத் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். உன் அக்கா தரையை ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள், காபிக்குப் புட்டித் தண்ணீர் வாங்கி வைத்தாள், கைகழுவ அபூ ஸக்ர் வீட்டிலிருந்து ஒரு வாளி. ஆமாம், அபூ ஸக்ர்தான். எங்கள் பக்கத்துக்குப் பேச அவரைத்தான் கேட்டிருந்தேன். கீரை விஷயத்தை மறக்கவில்லை, ஆனால் அரீஜை அவர் தூக்கி வளர்த்தவர். அதோடு உண்மையைச் சொல்கிறேன் மச்சான், "எங்கள் பெண்ணைத் தந்தோம்" என்கிற அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், "எங்கள்" வரைதான் வந்தது.

"அந்தக் கத்தற பொட்டிய அணைச்சாச்சா?" என்று உன் அக்கா கேட்டாள்.

"புதன் தாண்டியாச்சு, அது இனி எதுக்குக் கத்தப் போவுது?" என்றேன்.

கூடம் நிறைய ஆண்கள். எல்லாரும் இதே மேட்டில் அடுத்தடுத்த தெருக்காரர்கள். ராக்கான் புது சூட்டில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாத்தாவின் அண்ணன் ஹாஜி முத்லக், அவர் பேசினால் கடிகாரம்கூட மெதுவாக ஓடும், காபிக் கோப்பையை வாங்கினார், வாயில் வைக்காமல் முன்னால் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். "அல்லாஹ்வைப் புகழ்ந்து, உங்க குடும்பத்து மேன்மையத் தேடி வந்திருக்கோம். எங்க பையன் ராக்கானுக்கு உங்க பொண்ணு அரீஜைக் கேக்கறோம். நாங்க கேட்டது கிடைக்கற வரைக்கும் இந்தக் காபியைத் தொட மாட்டோம்," என்றார். அபூ ஸக்ர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார், தொண்டையைச் செருமினார், பிஸ்மில்லாஹ் சொல்ல வாயைத் திறந்தார்.

பால்கனியிலிருந்து என் குரல் வந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு! யோசிக்காதீங்க, உடனே பிடிங்க! விட்டா அடுத்த வாரம்தான்! இருக்கறதெல்லாம் கொண்டாங்க!"

ஹாஜி முத்லக் என்னைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் பணத்தின் பேச்சே இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பெண்ணைப் பெற்றவனின் குரல் 'இருக்கறதெல்லாம் கொண்டாங்க' என்கிறது. பால்கனிக் கதவுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு மாமன்மார்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், தாண்டிப் போக வழியில்லை. அதுவோ இரண்டாம் முறையும் கத்தியது. அப்போது பின்வரிசையில் ஒருவர் மெல்ல, "தண்ணியா?" என்றார்.

அவ்வளவுதான் மச்சான். அந்த ஒரு சொல்லுக்குக் கூடமே கலைந்தது. "உம்மா, மோட்டாரைப் போடு!" என்று ஒருவர் போனில். "ஏய், தூங்காதே, வால்வத் திற!" என்று இன்னொருவர். இரண்டு மாமன்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். எங்கள் தரப்பில் பேச எழுந்த அபூ ஸக்ர், எழுந்தவர் எழுந்தபடியே கீழே தொட்டியைப் பார்க்க ஓடிவிட்டார். கடைசியில் கூடத்தில் மிஞ்சியது நான், ஹாஜி முத்லக், எழுந்தால் பெண் போய்விடுமோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த ராக்கான், ஆறிக்கொண்டிருந்த காபிகள். உள்ளறையிலிருந்து அடக்க முடியாத ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அரீஜ். அதைக் கேட்டு ராக்கானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டான்.

ஹாஜி முத்லக் நிதானமாகக் கேட்டார்: "அபூ அரீஜ், இப்பக் கேட்டது உங்க பதிலா, உங்க டாங்கியோட பதிலா?"

பேச யாருமில்லை. நான்தான் பேச வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான் ஹாஜி," என்றேன். பிறகு எப்படியோ, கண்ணாடி முன்னால் வராத வார்த்தை அங்கே வந்துவிட்டது. "எங்க பொண்ணத் தந்தோம்."

"அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். காபியச் சூடாக் கொண்டாரச் சொல்லுங்க, சீக்கிரம் குடிச்சுட்டுப் போறேன்," என்றார். "எங்க வீட்டு மோட்டார் என் கை பட்டாத்தான் ஓடும்."

அன்று எல்லாரும் போனபின் அரீஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏலம் போட்டு வித்துட்டீங்களே அப்பா," என்று தோளில் சாய்ந்தாள். நான் கம்ப்யூட்டரைக் கழற்றி, டப்பாவில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

ஆகவே கேள்விக்குப் பதில். முழு கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் அதைவிடக் குறைந்த விலைக்குப் பழையது கிடைக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் உனக்கு இரண்டு கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பிஸ்கட் எதற்கு? இப்போது புதன்கிழமைகளில் நானே மாடியில் நாற்காலி போட்டு, பிளாஸ்கில் டீயோடு உட்கார்கிறேன். குழாயில் காதை வைத்தால் தண்ணீர் வருவது தெரிந்துவிடுகிறது. அன்று முதல் இன்றுவரை ஒரு சொட்டு வழிந்ததில்லை, ஒரு வாரம் தவறியதில்லை. அந்த மோட்டாருக்கும் எனக்கும் அப்படி ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது, சில சமயம் நான் பொத்தானுக்குக் கை நீட்டும்போதே ஓட ஆரம்பித்துவிடுகிறது. எந்த இயந்திரம் இப்படி வேலை செய்யும், சொல்லு?

உன் வீட்டுக் குழாய் வற்றாமலும், உன் வீட்டார் மனம் வாடாமலும் இருக்க ஆண்டவன் அருள்வானாக. பெரியவர்களுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம், எலுமிச்சைகளுக்கு ஒரு வாளி.

என்றும் உன் நலம் நாடும்,
முனீர்

பி.கு.: தம்பி ஃபவ்வாஸ், இதை எழுதறது அக்கா. ஜாடியோட சேத்துக் கட்டச் சொல்லிக் கடுதாசிய என்கிட்டக் குடுத்துட்டு உன் மச்சான் அஸர் தொழப் போயிருக்கார். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன், படிக்காம ஒட்டற வழக்கம் எனக்கு இல்ல. நீ வாங்குடா. பீரோ மேல்தட்டு டப்பாவுல இப்ப இருக்கறது ஏலக்காய். நிச்சயம் ஆன மறுவாரமே அரீஜும் ராக்கானும் அந்தக் கம்ப்யூட்டர எடுத்து, வெயிலும் உன் மச்சான் கண்ணும் படாத மாடிப்படி மூலையில மாட்டிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டும் தலையோட தலை முட்டி ஒயர் சொருகிச்சு, நான் பக்கத்துல வெண்டைக்காய் நறுக்கிட்டுக் காவலுக்கு உக்காந்திருந்தேன். ஒலிபெருக்கிய எடுத்தாச்சு, தண்ணி வந்தா கட்டடத்துப் பொம்பளைங்க எல்லார் போனுக்கும் சேதி வந்துடும், மோட்டார் தானா ஓடும், தானா நிக்கும். வெறும் மோட்டாருக்கு இவ்வளவு பெரிய மூளை வேணாம், சின்ன சில்லு ஒண்ணு போதும், விலையும் கொஞ்சம்தான்னு ராக்கான் சொல்றான். உன் எலுமிச்சைக்கு அதுவே போதும், அவன்கிட்டக் கேட்டு அனுப்பறேன். பெருசா ஏதாவது செய்யணும்னு ஆசை இருந்தா இதையே வாங்கு, நிழல்ல வை, அவ்வளவுதான். உன் மச்சான்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. புதன்கிழமை மாடியில உக்காந்து, குழாயில காத வெச்சு, மோட்டார் ஓடினதும் படியிறங்கி வந்து "போட்டுட்டேன்"னு சொல்றப்ப அவர் மூஞ்சில ஒரு பெருமை வரும் பாரு, அத நான் எந்தக் கடையில போய் வாங்கறது?